இருபது சிப்பாய்களும் மரகதம் அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணி. நான் வேலை பார்க்கும் துறைமுக வாசலில் கொள்கலன் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம். என் கைப்பேசியில் வாணியின் பெயர் வந்தது. மரகதம் அக்காவின் மகள். அவருடைய எண் பல வருடமாக என்னிடம் இருந்தும் ஒரு முறைகூட அதிலிருந்து அழைப்பு வந்ததில்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, அம்மா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி கலக்கி வச்சிட்டு நாற்காலியில உட்கார்ந்தாங்க. ஆறிப்போகுதேன்னு போய் தொட்டேன்..." வாணியின் குரல் உடையவில்லை. "டாக்டர் வந்து பாத்துட்டாரு. உங்க ஆளுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

'உங்க ஆளுங்க' என்று அவர் சொன்னதில் ஒரு முள் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன். படகுக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முரசடிக்கும் ரசாலியிடமிருந்து பதில் வந்தது: "எங்கே? எத்தனை மணிக்கு?" அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. இடமும் நேரமும் தெரிந்தால் போதும் என்று பழக்கப்பட்டவர்கள் நாங்கள். மற்றதையெல்லாம் உள்ளே போட்டு மூடிக்கொள்வோம்.

உங்களில் பலர் அவரைப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று வேலை பார்த்தவராக அறிந்திருப்பீர்கள். சுங்கை பினாங் பிளாட்டில் ஒன்பதாவது மாடி அக்கா என்றும் சிலர் அறிவீர்கள். எங்களுக்கு அவர் டிராகன் படகின் பின்முனையில் நின்றபடி சுக்கான் துடுப்பைப் பிடித்தவர். இராணுவத்திலிருந்தும் கடற்படையிலிருந்தும் வெளியே வந்து, வெளியே எப்படி வாழ்வது என்று தெரியாமல் இருந்த இருபது பேரை ஒரு படகில் உட்கார வைத்தவர்.

நான் உட்கார்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருடச் சேவை முடித்து, கார்ப்பரலாக வெளியே வந்து நான்காவது மாதம். கெலுகோரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா வேலை, வாசல் காவல். தடுப்புக் கம்பியைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், வருகிறவர் பெயரை எழுத வேண்டும். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த மோட்டார் சைக்கிள்காரர் பெயர் சொல்லாமல் உள்ளே போகப் பார்த்தார். நிறுத்தச் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்து எனக்கு நினைவிருப்பது, அவர் சுவரோடு அழுந்திக் கிடந்ததும், என் முழங்கை அவர் தொண்டையில் இருந்ததும், ஒரு பெண்மணி மலாயில் கத்திக்கொண்டிருந்ததும்தான். இடையில் நடந்த சில வினாடிகள் இன்றுவரை என் ஞாபகத்தில் இல்லை. அவர் புகார் கொடுக்கவில்லை. எனக்கு வேலை அன்றைக்கே போயிற்று.

வீட்டில் என் மனைவி லெட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அடுக்களையில் கண்ணாடித் தம்ளர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எவர்சில்வர்.

"கண்ணாடி கிளாஸெல்லாம் எங்க?"

"பழசாப் போச்சுங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

என் மனைவி மேல் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஆனால் தம்ளரைச் சுவரில் எறிந்திருக்கிறேன், இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள் என்பது அந்த எவர்சில்வரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

லெட்சுமி அக்காவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவள். என்ன சொன்னாளோ தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், வெயில் தொப்பி போட்ட குள்ளமான ஒரு பெண்மணி நின்றிருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"தம்பி எத்தன கிலோ?"

"என்ன?"

"எட எத்தனன்னு கேட்டேன்."

"எழுபத்தெட்டு."

"ஆர்மில கடைசியா பாத்ததா, இப்ப பாத்ததா?"

லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"மூணாவது வரிசையில எடது பக்கம் ஆள் இல்ல" என்றார் அக்கா. "வலது பக்கம் எழுபத்தொம்பது கிலோல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். படகு அவன் பக்கமே சாயுது. சனிக்கிழமை காலையில ஆறரைக்குக் கீழ நில்லுங்க, ஏத்திக்க கெரேத்தா வரும்லா."

என் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறிவுரை சொல்வார், முகத்தில் அடித்த மாதிரி பதில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் கேட்டது எழுபத்தெட்டு கிலோ. அது என்னிடம் இருந்தது. சனிக்கிழமை கீழே போய் நின்றேன்.

தெலுக் பஹாங் அணைக்கட்டு நீரில்தான் பயிற்சி. தொழிற்சாலைக் குழுவில் வருடக்கணக்காகச் சுக்கான் பிடித்தவர் அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவர்கள் கைவிட்ட பழைய படகொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று வந்து சேர்ந்த அத்தனை பேரும் பழைய சிப்பாய்கள். முதல் சில வாரங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. நீ எந்தப் படைப்பிரிவு, என்ன பதவி என்று முறைத்துப் பார்த்துக்கொள்வதோடு சரி. ஒருவர் இன்னொருவரை 'சார்ஜன்' என்று கூப்பிட்டபோது அக்கா பின்னாலிருந்து கத்தினார்: "இங்க சார்ஜனும் இல்ல, கார்ப்பரலும் இல்ல. எடது, வலது. அவ்வளவுதான்!"

என் வலது பக்கத்து எழுபத்தொன்பது கிலோதான் ரசாலி. வெளிநாட்டில் அமைதிப்படைக்குப் போய் வந்தவர். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. நல்ல மனிதர், வெற்றிலை போடுகிறவர் மாதிரி எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். மூன்று மாதம் அக்காவின் குரலுக்கே துடுப்புப் போட்டோம். பிறகு ஒருநாள், போட்டிக்குப் போக வேண்டுமானால் முரசு வேண்டும் என்று சொல்லி, பழைய தோழி ஒருவரை முன்முனையில் உட்கார வைத்தார். டிராகன் படகில் முரசடிப்பவர் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த அடிக்குத்தான் இருபது துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும்.

மூன்றாவது அடியில் என் பக்கத்து இடம் காலி. ரசாலி படகின் அடியில் குப்புறக் கிடந்தார், தலைக்கு மேல் இரண்டு கைகளும். படகு ஒரேயடியாக என் பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. முன்னால் இருந்தவர் எழப் பார்த்தார். யாரோ கெட்ட வார்த்தையில் கத்தினார்கள்.

"எழாத! யாரும் எழாத! துடுப்பத் தண்ணி மேல படுக்க வை!"

இருபது பேரில் பத்தொன்பது பேரின் துடுப்புகளும் தண்ணீரின் மேல் தட்டையாகப் படுத்தன. படகு நடுங்கி நின்றது. அணையின் நடுவில், கரை எந்தப் பக்கமும் தூரமாக, படகுக்குள் ஏறிய கணுக்கால் அளவு தண்ணீரில் ரசாலி நடுங்கிக்கொண்டு கிடந்தார். தூக்கிவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். "தொடாத, குணா" என்றார் அக்கா. "அவரா வரட்டும்." எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தோள் மரத்துப்போகும் வரை துடுப்பை அழுத்திப் பிடித்திருந்தேன். ரசாலி தானாக எழுந்து உட்கார்ந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் தன் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இனி வரமாட்டேன் என்றார். அக்கா அவர் முன்னால் போய் நின்று மலாயில் கேட்டார்: "ரசாலி, சத்தம் பயமா, சத்தம் எப்ப வரும்னு தெரியாதது பயமா?"

"எப்ப வரும்னு தெரியாதது, காக்" என்றார் ரசாலி. அக்காவை அவர் மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அக்கா முரசுக் கோலை எடுத்து அவரிடம் நீட்டினார். "அப்ப நீயே அடி."

அந்த வருடப் போட்டியில் முன்முனையில் உட்கார்ந்தது ரசாலி. புறப்படும் கோட்டில் ஆறு படகுகள். மூன்றாவது வரிசையிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடங்கும் ஒலி எந்த நொடியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது. எனக்கு என் துடுப்பு மறந்துவிட்டது. இவர் விழுந்தால் தண்ணீரில்தான் விழுவார் என்ற ஒரே நினைப்பு. பின்னாலிருந்து அக்காவின் குரல் சாதாரணமாக வந்தது: "ரசாலி, நடுவர் கையப் பாரு. கை மேல போனா அடுத்தது சத்தம்." கை மேலே போனது. ஒலி வந்தது. ரசாலி அடித்தார்.

நான்காவதாக வந்தோம். கோட்டைத் தாண்டிய பிறகும் ரசாலி அடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இதுவரை எழுதியதை மட்டும் வைத்து, அக்கா தொட்டதெல்லாம் துலங்கிற்று என்று நினைத்துவிட வேண்டாம். அவரும் நானும் சேர்ந்து ஒரு தவறு செய்தோம். அதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

நான்காவதாக வந்தது எனக்குள் ஒரு வெறியைக் கிளப்பிவிட்டது. அடுத்த வருடம் முதல் மூன்றுக்குள் வர வேண்டும். ஐந்தாவது வரிசையில் செல்வராஜ் என்று ஒருவர். இராணுவப் பொறியியல் பிரிவில் இருந்தவர். வெளியே வந்து மூன்று வேலை மாறியிருந்தார், மூன்றும் நிலைக்கவில்லை. உடம்பு போட்டுவிட்டது. துடுப்பு அரை நொடி தாமதமாக விழும். இரண்டு பயிற்சிக்கு வரவே இல்லை. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் அக்காவிடம் போய் நின்றேன்.

"செல்வா இருந்தா ஜெயிக்க முடியாதுக்கா. படகு கனக்குது."

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடவில்லை. சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் போட்டிக்கான பெயர்களை வாசித்தார். செல்வராஜ் பெயர் இல்லை. "எடை கொஞ்சம் சரியா வரல செல்வா, அடுத்த தடவ" என்றார். செல்வா தலையாட்டினார். வழக்கம்போல் படகைத் தூக்க வந்தார். எல்லாருடைய துடுப்பையும் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று வாணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்குச் செல்வாவின் மனைவி அக்காவுக்குப் போன் செய்தார். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே கல்யாண மோதிரத்தையும்.

அரை மணி நேரத்தில் பதினான்கு பேர் பிளாட்டின் கீழே கூடிவிட்டோம். அன்று அக்கா எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அவரால் முடியவில்லை. ரசாலி ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தீவை வரைந்து, ஆறு துண்டாகப் பிரித்து, இரண்டிரண்டு பேராக அனுப்பினார். "மோட்டார் சைக்கிளைத் தேடுங்க, ஆளைத் தேடாதீங்க" என்றார். சேவையில் கற்றது இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பயன்பட்டது.

அக்கா என் கெரேத்தாவில் ஏறிக்கொண்டார். பட்டுப்புடவை, தலையில் மல்லிகைப்பூ, காலில் வீட்டுச் செருப்பு. மாடியிலிருந்து வாணி, "அம்மா!" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மணிக்குப் பிறகு ரசாலியிடமிருந்து போன் வந்தது. வெல்ட் கீயில், ஃபெரி ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஃபெரி பட்டர்வொர்த் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் இருக்கிறாரா, அந்தக் கரையில் இருக்கிறாரா, எங்குமே இல்லையா என்று தெரியாது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் அக்கா. அவர் தன் கணவரைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அவரும் ஆர்மிதான். வெளிய வந்து ரெண்டு வருஷம் ஜன்னல் பக்கம் நாற்காலியப் போட்டு உட்கார்ந்தே இருந்தாரு. நான் வேல முடிஞ்சி களைச்சி வருவேன். ஒருநாள் சொன்னேன், எந்நேரமும் வீட்டுலயே கெடக்குறீங்களே, எங்கயாவது போங்கன்னு." ஃபெரியைப் பார்த்தபடியே பேசினார். "போயிட்டாரு. மூணு நாள் கழிச்சி போலிஸ் கூப்பிட்டாங்க."

நான் கம்பிக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றேன்.

"நேத்து செல்வாகிட்ட நான் சொன்னதும் அதேதான்லா, குணா. எடம் இல்ல, போங்கன்னு."

ஃபெரி கரையைத் தொட்டது. இறங்கிய கூட்டத்தில் செல்வா இல்லை. ரசாலிதான் கண்டுபிடித்தார். எல்லாரும் இறங்கிய பிறகும் பின்தளத்தில் ஒருவர் கம்பியோரம் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்ததை அங்கிருந்த ஊழியர் ஒருவர் அப்போதுதான் சொன்னார். நாங்கள் ஏறினோம். ஃபெரி புறப்பட்டது.

செல்வாவின் காலணிகள் இரண்டும் கழற்றி, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன, படைவீட்டில் அதிகாரி பார்வையிட வரும்போது கட்டிலுக்குக் கீழே வைப்போமே, அந்த மாதிரி. அதைப் பார்த்ததும் ரசாலி என் கையை இறுக்கிப் பிடித்தார். ஓடினால் அவர் குதித்துவிடுவார். ஓடாவிட்டாலும் குதிக்கலாம். அக்கா எங்களைக் கையால் நிறுத்திவிட்டு, தான் மட்டும் நடந்தார்.

"செல்வா."

அவர் திரும்பவில்லை. "போங்கக்கா. இன்னிக்கு வீட்டுல விசேஷமில்ல?"

"ஆமா. நாலு மணிக்கு."

"இப்ப மணி என்ன?"

"மூணே முக்கால்."

தண்ணீர் கொதிப்பது போலப் பின்னால் நுரைத்துக்கொண்டிருந்தது. கரை விலகிக்கொண்டே போயிற்று.

"பேர எடுத்தது நான்தான்" என்றார் அக்கா. "தப்பு என்னோடது."

எனக்கு அங்கே ஒளிந்து நிற்க முடியவில்லை. "எடுக்கச் சொன்னது நான், செல்வா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

செல்வா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் சொன்னது சரிதான். படகு கனக்குது. எனக்குத் தெரியும். வீட்டுல உட்கார்ந்தாலும் வீடு கனக்குது. வேலைக்குப் போனா அங்கயும் அப்படித்தான். நான் எங்க போய் உட்கார்ந்தாலும் கனக்குதுக்கா."

அப்படியெல்லாம் இல்லை என்று அக்கா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அவர் கால்கள் புடவைக்குள் ஆடுவது எனக்குத் தெரிந்தது.

"செல்வா, எனக்குக் காலு நிக்கல. பிடிச்சிக்க. விழுந்துருவேன்."

செல்வா திரும்பினார். பட்டுப்புடவையும் வாடிய பூவுமாகக் கம்பியை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தவரைப் பார்த்தார். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவர் தோளைப் பிடித்தார். பிறகு இன்னொரு கையையும் எடுத்தார். நானும் ரசாலியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர்தான் அக்காவைத் தாங்கிக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து அந்தக் காலணிகளை எடுத்து, பட்டர்வொர்த்துக்குப் போய்த் திரும்பிக் கரை இறங்கும்வரை தன் கையிலேயே வைத்திருந்தார்.

வெகுநாள் கழித்து, அது நடிப்பா என்று அவரிடமே கேட்டேன். "நடிக்கத் தெரிஞ்சா பேக்டரில முப்பது வருஷம் எதுக்கு நின்னேன்? நெசமாவே கால் நடுங்குச்சுடா" என்றார்.

அன்று நேராக மருத்துவமனைக்குப் போனோம். அக்கா செல்வாவை அங்கே சேர்த்து, அவர் மனைவி வந்து, மருத்துவர் பேசி முடிக்கும்வரை நகரவில்லை. அதற்குப் பிறகு படகுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "படகு மருந்து இல்ல. மருந்து சாப்பிடுறவன் வந்து உட்கார்ற எடம்." மருத்துவரைப் பார்க்கப் பயப்பட்டவர்களை அவரே கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நானும் அப்படிப் போனவன்தான்.

அந்த வருடம் நாங்கள் போட்டிக்குப் போகவில்லை. செல்வா நான்கு மாதம் கழித்துத்தான் வந்தார். அதுவரை அவர் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. அவர் எடைக்குச் சரியாக ஒரு மணல் மூட்டையைக் கட்டி அங்கே வைத்தார். சனிக்கிழமைதோறும் அதைத் தூக்கி வைப்பதும் இறக்குவதும் என் வேலை. முனகாமல் செய்தேன். செல்வா திரும்பி வந்த அன்று அந்த மூட்டையைப் பார்த்தார், தானே அதைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா வீடு திரும்பியபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் பெரியம்மா நின்று செய்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தபடி கிளம்பிப் போயிருந்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்றாலும் வாணி அதை மறக்கவில்லை. எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார். அவர் கோபப்பட்டதில் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாளின் விலையை அவர்தான் கொடுத்தார். அக்காவும் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "ரெண்டு எடத்துல நிக்க முடியல தம்பி. நின்ன எடம் சரின்னு தெரியும். வலி போகல."

கடைசி ஆறு மாதம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை எங்களிடம் மறைத்தார். தோள் வலி என்று சொல்லிச் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். முதல் முறை பின்முனையில் நின்றபோதுதான் அவர் இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. இருபது முதுகுகள். முன்முனை ரசாலியைத் தவிர முகம் ஒன்றுகூடத் தெரியாது.

"எப்படிக்கா எங்கள்ல யாருக்கு என்னன்னு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சிய மாத்திக்க எல்லாருக்கும் தெரியும் குணா. முதுக மாத்திக்க ஒருத்தனுக்கும் தெரியாது. தூங்காதவன் முதுகு ஒரு மாதிரி இருக்கும். வீட்டுல சண்ட போட்டவன் முதுகு வேற மாதிரி. நீ ஒரு மாசம் பாரு, தெரியும்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் பிளாட்டின் கீழே வந்துவிட்டோம். மேலே போகத் துணிச்சல் இல்லை. வாணி எப்படிப் பார்ப்பாரோ என்ற பயம். செல்வா தூண் பக்கம் ஒதுங்கி நின்றார். ஒரு மணி நேரம் கழித்து வாணியே கீழே இறங்கி வந்தார், அழுது வீங்கிய முகத்தோடு. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கீழ கூடத்துலதான் வைக்கணும். லிஃப்ட்ல படுக்க வைக்க எடம் பத்தாது. நிக்க வச்சிக் கொண்டு வரலாம்னு சொல்றாங்க." படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "எங்கம்மாவ அப்படிக் கொண்டு வர வேணாம்."

"படியில கொண்டு வர்றோம்மா" என்றேன்.

"ஒன்பது மாடி."

"கொண்டு வர்றோம்."

மேலே போனோம். அக்கா சின்ன உருவம்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் பெட்டி கைப்பிடிச் சுவரில் இடிக்கும். யார் எங்கே பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது வாணி கதவருகே நின்ற செல்வாவைப் பார்த்தார். முன்பின் பேசியதில்லை. இருந்தாலும் தெரிந்திருந்தது.

"அந்த ஃபெரியில இருந்தது நீங்கதானே?"

செல்வா கதவை விட்டு முன்னால் வந்தார். "ஆமாம்மா" என்றார். "மன்னிச்சிருங்க" என்று அடுத்துச் சொன்னது சரியாக வெளியே வரவில்லை.

வாணி அவரை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அந்தப் பின்தளத்தில் நின்ற நேரத்தை விட இது நீளமாக இருந்தது.

"தலப்பக்கம் நீங்க பிடிங்க" என்றார் வாணி.

செல்வா தலைப்பக்கம் பிடித்தார். ரசாலி முன்னால் பின்பக்கமாக இறங்கியபடி தாழ்ந்த குரலில் மலாயில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்: சத்து, டுவா. சத்து, டுவா. ஒவ்வொரு தளத்திலும் நால்வர் மாறினோம், செல்வா மட்டும் மாறவில்லை. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் ஒருவர் கால் வழுக்கி எல்லாரும் மூச்சை அடக்கினோம். அக்கா ஒரு விரல்கூடச் சாயவில்லை. வீட்டுக் கதவுகள் திறந்து ஆட்கள் கைகூப்பி நின்றார்கள். கீழே கூடத்தில் இறக்கி வைத்தபோது எங்கள் சட்டைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. வாணி செல்வாவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அவர் குடித்துவிட்டுத் தம்ளரை வாணியின் கையில் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் பத்து லஞ்சாங் தகனக் கூடத்தில் எல்லாம் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை பயிற்சியை நிறுத்தவில்லை. பின்முனையில் நின்று முதுகுகளைப் பார்த்தேன். இருபதும் அழுதுகொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது லெட்சுமி அடுப்பின் முன் நின்று தாளித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா, சாப்பாடு ரெடி" என்றாள், திரும்பாமல், எப்போதும் போன்ற குரலில். வேறு நாளாக இருந்தால் போய்க் கையைக் கழுவியிருப்பேன். அன்று நின்று பார்த்தேன். இடது தோள் காதுவரை ஏறியிருந்தது. கரண்டி பிடித்த கையில் அசைவு இருந்தது, தோளில் இல்லை. எத்தனை வருடமாக இப்படி நிற்கிறாள்?

"லெட்சுமி, அடுப்ப அணை" என்றேன். "என்னன்னு சொல்லு."

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தாள். எவர்சில்வர் தம்ளர் வாங்கிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை, எழுந்து போகவில்லை, என் குரல் உயரவில்லை.

மரகதம் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தப் பார்வைதான். வேறு எதையும் அவர் எனக்கு விட்டுப் போகவில்லை, நானும் கேட்கவில்லை.